கேட்டியைக் காணோமே!

ஆசிரியருக்கு,

ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையில் தேவதைகளும் வீரர்களும் வரிசை கட்டி நின்றார்கள். சிறுமி கேட்டியைத்தான் காணோம். லண்டன் வழக்கறிஞர் ஜார்ஜ் லூயிஸின் மகள் அவள். 1880களில் ஓவியர் அவளுக்கு எழுதிய கடிதங்களில் குழந்தைக் கிறுக்கல், வேண்டுமென்றே செய்த எழுத்துப்பிழைகள், நடுநடுவே வேடிக்கைச் சித்திரங்கள். எழுதியவர் ஐம்பதைத் தொட்டவர் என்றால் யார் நம்புவார்கள்! 1886இல் அவளையே வரைந்தார்: நீள இருக்கையில் குப்புறப் படுத்துப் புத்தகம் வாசிக்கிறாள், கால்மாட்டில் நாய். ஓவியருக்காக அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கடிதங்கள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பக்கத்தையாவது வெளியிடுங்கள்; கறுப்பு வெள்ளையானாலும் போதும்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்