பெண் வீட்டார் வரும்போதும் காப்பு கையில் இருக்கட்டும்

அன்புள்ள முத்துவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். போனில் சொன்னால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய், அதனால்தான் தாளை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வரும்போது, உன் உடம்பு விவரம் வெட்டிய கைக் காப்பைக் கழற்றி வைக்கச் சொல்லி அத்தை உனக்குப் போன் செய்தாளாம். அவளுக்கு உன்மேல் அக்கறைதான். ஆனாலும் கழற்றாதே. உனக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்து ஆபரேஷன் ஆனதைத் தரகரிடம் முதல் நாளே சொல்லியாகிவிட்டது. அவர்கள் தெரிந்துதான் வருகிறார்கள். மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டு, தினமும் ராத்திரி ஒளிந்துகொண்டா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுவாய்? ஊர் அடங்கிய நேரத்தில் உன் நெஞ்சிலிருந்து வருகிற டிக் டிக் சத்தம் பக்கத்தில் படுக்கிறவளுக்குக் கேட்காமல் போய்விடுமா என்ன!

ஓசூரில் நீ தினமும் பைக்கில் போகிறவன். கீழே விழுந்து நினைவில்லாமல் கிடந்தால், வருகிறவர்களுக்கு உன்னைப் பற்றி என்ன தெரியும்? நம் பக்கத்தில் அடிபட்டவனுக்கு முதலில் டி.டி. ஊசி, அப்புறம் இடுப்பில் வலிக்கு ஒரு ஊசி. உனக்குச் சதையில் ஊசி குத்தினால் உள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். வலி ஊசி மருந்து ரத்தப்போக்கை இன்னும் கூட்டும். தலையில் அடி என்றால் இன்னும் மோசம். முதலில் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுவாய், உள்ளே மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கும். வார்ஃபரின் சாப்பிடுகிறவன் என்று தெரிந்தால் டாக்டர் உடனே ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவார்.

மாத்திரை பெயர் மட்டும் போதாதா என்று போன மாதம் கேட்டாய். போதாது. மாத்திரையை மட்டும் பார்த்தால், ரத்தத்தை நிறுத்த வைட்டமின் கே-யை நிறையவே ஏற்றிவிடுவார்கள். ரத்தம் நிற்கும், ஆனால் வால்வில் ரத்தக்கட்டி பிடித்துக்கொள்ளலாம், அதற்கப்புறம் பல நாளைக்கு வார்ஃபரினும் சரியாக வேலை செய்யாது. உள்ளே உலோக வால்வு இருப்பது தெரிந்தால் அளவு பார்த்துக் கொடுப்பார்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் உனக்குப் பாதுகாப்பு.

அதனால் உனக்கு அனுப்புகிற புதுக் காப்பின் தகட்டில் இப்படி வெட்டியிருக்கிறேன்: மேலே உன் பெயர். அடுத்த வரியில் மெக்கானிக்கல் மைட்ரல் வால்வு. மூன்றாவதில் வார்ஃபரின், சதையில் ஊசி வேண்டாம். நான்காவதில் என் நம்பர். எல்லாம் இங்கிலீஷில்தான், ஓசூரில் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்களோ. மாத்திரையின் மில்லிகிராமை வெட்டவில்லை. ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டுகிற ஐ.என்.ஆர். அளவு ஏறி இறங்கும்போதெல்லாம் அதை மாற்றுகிறார்கள். கம்பெனி பெயரையும் விட்டுவிட்டேன், இன்றைக்கு ஒரு கம்பெனி, நாளைக்கு இன்னொன்று.

கடையில் குடத்துக்கும் தூக்குச்சட்டிக்கும் பேர் வெட்டுகிற அதே மிஷின்தான். குடத்தில் புள்ளி புள்ளியாக மேலோட்டமாக விழுந்தால் போதும், கல்யாணச் சீர் என்று ஊருக்குத் தெரிந்தால் சரி. இதில் அப்படி விட முடியாது. தேய்ந்து போன எழுத்தை அவசரத்தில் யார் படிப்பார்கள்? ஒவ்வொரு எழுத்தின் மேலும் ஊசியை இரண்டாம் முறை ஓட்டினேன். ‘வார்ஃபரின்’ முடிகிற இடத்தில் தகடு கொஞ்சம் நெளிந்தது, மரக்கட்டையில் வைத்துத் தட்டிச் சரி செய்தேன். விரலால் தடவிப் பார், எழுத்து தட்டுப்படும். கண்ணாடி இல்லாமல் அம்மாவே படித்துவிட்டாள். வெள்ளியில் கேட்டாய், அது வேர்வையில் கறுத்துவிடும். எவர்சில்வர் போதும்.

எல்லா விவரமும் போனில் இருக்கிறதே என்கிறாய். இருக்கட்டும், லாக்கைத் திறக்காமலே தெரிகிற மாதிரி வைத்துக்கொள். ஆனால் விழுகிற வேகத்தில் போன் எங்கே தெறிக்குமோ! நாடி பார்க்க வருகிறவர் கை எப்படியும் மணிக்கட்டுக்குத்தான் வரும்.

உனக்கு ஆபரேஷன் ஆன ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா சொன்ன கதை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் டர்லாக் என்ற ஊர். 1953-இல் அங்கே ஒரு டாக்டரின் மகள் லிண்டா காலின்ஸுக்குக் கையில் வெட்டுக்காயம். ரண ஜன்னிக்கு அந்தக் காலத்தில் போட்ட முறிவு மருந்து ஒத்துக்கொள்ளாமல் சாகக் கிடந்து பிழைத்தாள். அப்புறம் அதைத் தாளில் எழுதி அவள் கையில் கட்டிவிட்டார்கள். பிறகு அப்பாக்காரர் வெள்ளிக் காப்பில் பொறிக்க வைத்தார். 1956-இல் இப்படிக் காப்பு கொடுக்க மெடிக்அலர்ட் என்ற அமைப்பையே தொடங்கிவிட்டார்கள். அவர் டாக்டர், நான் பாத்திரக்கடைக்காரன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆபீஸில் ஒருவன் ‘இது எந்த ஆளுங்க காப்பு’ என்று கேட்டதாகச் சொன்னாய். நம் ஜில்லாவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே கையில் கலர் கயிறு கட்டிச் சாதி காட்டுகிற காலம், அவன் கேட்டதில் ஆச்சரியமில்லை. கையைத் திருப்பித் தகட்டைக் காட்டு, படித்துவிட்டு வாயை மூடிக்கொள்வான்.

எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் காப்பை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, பர்ஸில் இருக்கிற வால்வு கார்டைக் காட்டு. பல் டாக்டரிடம் போனாலும் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே காட்டிவிடு.

கூரியர் வியாழக்கிழமை வந்துவிடும். கொக்கி தளர்வாக இருந்தால் ஒரு வளையத்தை எடுத்துவிடு, ஒரு விரல் நுழைகிற இடம் இருந்தால் போதும். பழையதை எறியாதே, வரும்போது கொண்டு வா. வெள்ளிக்கிழமை காலையில் ஐ.என்.ஆர். பார்த்துவிட்டு ராத்திரி பஸ் ஏறு. நீ வருகிறாய் என்று அம்மா மூன்று வேளைக்கும் கீரை வாங்கப் பார்க்கிறாள். கீரையிலும் அந்த வைட்டமின் கே இருக்கிறது, அங்கே வழக்கமாகச் சாப்பிடுகிற அளவுதான் இங்கேயும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா