கோத்தகிரிச் சரிவுக்கு ஒரு சைக்கிள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், நீ கோத்தகிரியிலேயே தங்கிவிட்டாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கும் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்லை. தோட்டத்துப் பாதைகளில் ஓட்ட மலைச் சைக்கிள் வாங்கப்போகிறாய் என்பதால், தெரிந்ததையெல்லாம் விவரமாகவே எழுதுகிறேன்.

அறுபதாயிரத்துக்குள் முன்னும் பின்னும் ஷாக் உள்ள சைக்கிள் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அந்த விலையில் வரும் பின் ஷாக் பெரும்பாலும் வெறும் சுருள்வில்தான். அமுங்கும், உடனே துள்ளி எழும். அந்தத் துள்ளலை அடக்கும் எண்ணெய் அமைப்பு உள்ளே இருக்காது. ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் மேலும் கீழும் ஆடி உன் உழைப்பைத் தின்னும். பின்பக்க மூட்டுகளில் சில மாதங்களிலேயே ஆட்டம் கண்டுவிடும். எல்லாவற்றையும்விட, அந்தப் பாகங்களுக்கான காசை முன் ஃபோர்க்கிலும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும், அமுங்கும் கவை) பிரேக்கிலும்தான் பிடித்திருப்பார்கள். சரிவில் உன்னைக் காப்பது முன் சக்கரம். அதே காசுக்குப் பின் ஷாக் இல்லாத ஹார்ட்டெயில் எடு. காசு முன்பக்கம் போகட்டும்.

கடைக்காரர் முதலில் கியர் எண்ணிக்கையைச் சொல்வார். நீ முதலில் ஃப்ரேம் அளவைக் கேள். சீட்டை ஏற்றி இறக்கலாம், ஃப்ரேமின் நீளத்தை மாற்ற முடியாது. அளவுப் பட்டியலில் 'ரீச்' என்று ஒன்று இருக்கும். பெடல் கைகள் இரண்டும் சுழலும் நடு அச்சுக்கு நேர் மேலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சி நடுவரை கிடையாக உள்ள தூரம் அது. உன் 170 செ.மீ. உயரத்துக்கு 430 முதல் 450 மி.மீ. வரை பொருந்தும். அடுத்தது ஹெட் ஆங்கிள், அதாவது ஹேண்டில் குழாய் தரையோடு சாய்ந்து நிற்கும் கோணம். 66, 67 டிகிரி என்றால் முன் சக்கரம் நன்றாக முன்னே தள்ளி நிற்கும், செங்குத்தான இறக்கத்தில் உனக்கு இடம் கிடைக்கும். 70 டிகிரி உள்ள பழைய வடிவங்கள் சமதளத்தில் சுறுசுறுப்பாகத் திரும்பும். இறக்கத்தில் முன் சக்கரம் உன் காலடிக்குள் மடங்குவதுபோல இருக்கும்.

ஃபோர்க் 120 மி.மீ. அமுங்குவதாகவும், காற்றில் இயங்குவதாகவும் இருக்க வேண்டும். சுருள்வில் ஃபோர்க் ஏதோ ஒரு சராசரி எடைக்குச் செய்தது. காற்று ஃபோர்க்கை உன் 75 கிலோவுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம். ஃபோர்க் காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்தபடி மெல்ல ஏறிப் பெடல்மேல் நில். இறங்கிப் பார்த்தால் வளையம் 24 முதல் 30 மி.மீ. மேலே ஏறியிருக்க வேண்டும். அதிகம் ஏறினால் காற்றைக் கூட்டு, குறைந்தால் குறை. இதற்கு ஷாக் பம்பு தனியாக வாங்கு. ஃபோர்க்குக்குள் இருக்கும் காற்று மிகக் கொஞ்சம், டயர் பம்பால் நுட்பமாக அளந்து அடைக்க முடியாது. அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகு கீழே இருக்கும். ஹேண்டிலை அழுத்திச் சட்டென்று விட்டால் சக்கரம் தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் திருகை மெதுவாகும் பக்கம் திருப்பு. ரொம்பவும் மெதுவாக்கிவிட்டால், அடுத்தடுத்த கற்களில் ஃபோர்க் நீளவே நேரமில்லாமல் அமுங்கியபடியே நின்றுவிடும்.

பிரேக், திரவ அழுத்தத்தால் வட்டைப் பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க்காகவே இருக்கட்டும், முன்னே 180 மி.மீ. வட்டு, பின்னே 160. ஷிமானோ நிறுவனத்தின் பிரேக்குக்கு மினரல் ஆயில். கார் பிரேக்கில் ஊற்றுவதுபோன்ற டாட் திரவத்தில் ஓடும் பிரேக்குகளும் உண்டு. ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் கெட்டு பிரேக்கே போய்விடும். புதுப் பிரேக் முதல் நாள் சரியாகப் பிடிக்காது. மிதமான வேகத்திலிருந்து நடை வேகம்வரை இருபது முறை பிடித்து விடு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல். வட்டை இறுக்கும் கட்டையான பேடின் பொருள் வட்டில் மெல்லிய படலமாக ஏறிய பிறகுதான் பிடிப்பு வரும். செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் வேண்டாம். ஒரு துளி பேடில் பட்டாலும் பேட் வீண். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே போனால் சூடேறிப் பிடிப்பு மங்கும். நன்றாகப் பிடி, விடு, ஆற விடு. கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் 1976-இல் தொடங்கிய இறக்கப் பந்தயத்துக்கு 'ரீபேக்' (மறுபடி நிரப்புதல்) என்ற பெயரே இந்தச் சூட்டால் வந்ததுதான். பழைய சைக்கிள்களின் பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பிரேக்கில் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதிதாக நிரப்ப வேண்டும். சூடு தாங்க மெட்டல் பேட் போட நினைத்தால் முதலில் வட்டில் பொறித்திருப்பதைப் படி. ரெசின் பேட் மட்டும் என்று எழுதியிருந்தால் மெட்டல் பேட் அந்த வட்டைத் தின்றுவிடும்.

கியரில் ஒரே ஒரு கணக்கு போதும். முன்னே 30 பல், பின்னே பெரியது 51 பல் என்றால், 29 அங்குலச் சக்கரத்தில் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 1.35 மீட்டர் நகர்வாய். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 5 கி.மீ. உங்கள் ஊர் ஏற்றத்துக்கு அதுதான் சரி. பின் ஹப்பில், பல்சக்கரத் தொகுதி பழைய முறையில் முறுக்கி மாட்டும் ஃப்ரீவீலாக இல்லாமல், ஹப்பின் மேல் செருகி மாட்டும் கேசட்டாக இருக்கிறதா என்றும் பார். ஃப்ரீவீல் ஹப்பில் அச்சைத் தாங்கும் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், கல்லில் விழுந்து விழுந்து அச்சு வளையும்.

டயர் 2.35 அங்குலம், முன்னே ஆழமான பொத்தான்கள் உள்ளது. டியூப் இருந்தால் முன்னே 26, பின்னே 29 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பி. இதைவிட ரொம்பக் குறைத்தால் கல் விளிம்பில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். டியூப்லெஸ் ஆக்கினால் முன்னே 21, பின்னே 24 வரை இறங்கலாம். பிடிப்பு எவ்வளவு கூடுகிறது என்பதை ஈர மண்ணில் நீயே உணர்வாய். டயருக்கு 100 மில்லி சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்), மூன்று மாதத்துக்கு ஒருமுறை காய்ந்துவிட்டதா என்று பார்.

இனி ஓட்டுவது. புது ஆட்கள் எல்லோருக்கும் இறக்கத்தைக் கண்டதும் உடம்பு தானாகப் பின்னே போகும். கை விறைத்து நீளும், முன் சக்கரத்தில் பாரம் குறையும், அடுத்த வளைவில் அது வழுக்கிக்கொண்டு போகும். பின்னால் தொங்குவது பாதுகாப்பு என்று உடம்பு சொல்வதை நம்பாதே. பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், குதிகால் தாழ, முழங்கை வெளியே விரிந்து மடங்க, இடுப்பிலிருந்து குனிந்து நில். எடை முழுவதும் பாதத்தில், கையில் எதுவும் இல்லை. தாடை ஏறத்தாழ ஹேண்டில் குழாய்க்கு மேலே இருக்கட்டும். சீட்டை ஐந்தாறு செ.மீ. இறக்கிக்கொள்.

முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று பயப்படுகிறாய். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே வருகிறது. அதனால் முன் டயருக்குப் பிடிப்பு கூடுகிறது, பின் டயருக்குக் குறைகிறது. ஆகவே நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்னேதான். சமதளத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரே வேகத்தில் வந்து கோட்டில் பின் பிரேக் மட்டும், பிறகு இரண்டும் சேர்த்துப் பிடித்துப் பார். நிற்கும் தூரத்தை அளந்தால் பயம் போய்விடும். தூக்கி எறிவது திடீரென்று வெடுக்கென இழுப்பதாலும், பாரத்தைத் தாங்கக் கால் தயாராக இல்லாததாலும்தான். ஒரே விரலால் மெல்லத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போ. அந்த நொடியில் குதிகாலைத் தாழ்த்தி இடுப்பைக் கொஞ்சம் கீழே இறக்கு.

வளைவில் பிரேக் கூடாது. வளைவுக்கு முன்னேயே வேகத்தைக் குறைத்து முடித்துவிடு. டயரின் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு, பிரேக்குக்குச் செலவழித்தது திரும்புவதற்கு மிஞ்சாது. வெளிப்பக்கக் கால் கீழே, உள்பக்கக் கையால் ஹேண்டிலை அழுத்திச் சைக்கிளைச் சாய்த்து, உடம்பை அதைவிட நிமிர்த்தி வை. பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். சில்வர் ஓக் சருகு மூடிய இடத்தில் அடியில் கல்லும் வேரும் இருக்கும். ஈர வேரை அதற்குச் செங்குத்தாக, நேர்கோட்டில், பிரேக் தொடாமல் கட.

ஏற்றத்தில் எழுந்து நின்றால் பின் சக்கரம் சுழன்று மண்ணை வாரும். சீட்டின் மூக்கில் உட்கார்ந்து நெஞ்சைத் தாழ்த்து, முன் சக்கரம் தூக்காது. கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்று. முழு பலத்தில் மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் அறும்.

தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிட்டே போ, காப்புக்காட்டுப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதே. அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் காட்டுமாடு தேயிலைக்குள் நிற்கும். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் மிரளும். மறைவான வளைவுக்கு முன் மணி அடி. கண்ணில் பட்டால் நின்று, அது விலகும்வரை காத்திரு.

கடையில் இரண்டு மூன்று மாடல் பார்த்ததும் உடனே பணம் கட்டிவிடாதே. ஒவ்வொன்றின் ரீச் அளவு, ஃபோர்க்கின் முழுப்பெயர், பிரேக் மாடல் எண், ஹப்பின் படம் நான்கையும் அனுப்பு. உன் உள்கால் அளவையும் வெறுங்காலில் அளந்து எழுது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராஜேந்திரன்