செயலாளர் ஆண்டறிக்கை 2025: கடைத்தெருவில் கதவடைத்த மூன்று கடைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர், செயலவை உறுப்பினர்களே, ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வருகை தந்துள்ள அங்கத்தினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

செயலவைக் கூட்டங்களின் விவரம், வருகைப் பதிவு, சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அனுப்பிய ஆண்டுப் படிவத்தின் நகல் ஆகியவை உங்கள் கையிலுள்ள பின்னிணைப்பில் இடம்பெற்றுள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே இந்த அறிக்கையை ஒரே விஷயத்துக்கு ஒதுக்கச் செயலவை எனக்கு அனுமதி அளித்தது. நாம் கடைத்தெரு என்றே அழைத்துப் பழகிய, பினாங்கு ஜோர்ஜ் டவுனின் லெபோ பாசாரிலும் அதை ஒட்டிய தெருக்களிலும், ஒரே வகைச் சரக்கை நம்பி நடந்துவந்த நம் அங்கத்தினர் கடைகளில் மூன்று இவ்வாண்டு மூடப்பட்டன.

முதலில் மூடப்பட்டது இசைக்கருவிக் கடை. மிருதங்கம், தபேலா, ஆர்மோனியம், உறுமி, தவில் என்று அடுக்கியிருந்த அந்தக் கடையின் உண்மையான மூலதனம், பின்கட்டில் விரித்திருந்த பாயில் உட்கார்ந்து, தோலை இழுத்துக் கட்டும் வார் பிடித்துக் கொடுத்த உரிமையாளரின் கைதான். பினாங்கின் ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்குவது இங்கே அன்றாடம் நடப்பது; மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் கரணை என்ற கருப்புப் பூச்சு உதிர்ந்தாலும் உறுமியின் தோல் கிழிந்தாலும், தமிழ்ப்பள்ளி மாணவர் முதல் உறுமி மேளக் குழுவினர் வரை அவரிடம்தான் வந்தார்கள். கடைசி சில ஆண்டுகளில் அவரிடம் வந்த கருவிகளில் பல அவர் விற்றவையல்ல. கைப்பேசியில் படம் பார்த்து வாங்கி, பெட்டியைப் பிரித்த பிறகு சுருதி சேராமல் போனவை. விற்பனை லாபம் வேறிடத்துக்குப் போய்விட, சரிசெய்யும் வேலை மட்டும் இவரிடம் வந்தது. அதற்கும் அவர் பழைய வழக்கப்படி பத்து ரிங்கிட்டுக்கு மேல் கேட்டதில்லை. மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளர். கடையை ஏற்று நடத்த அவர் முன்வரவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்த்த எவரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது, பித்தளைப் பாத்திரமும் பூசைப் பொருளும் விற்ற கடை. அங்கே போய் ஒரு விசேஷத்தின் பெயரைச் சொன்னால் போதும். குடும்பத்தின் பூர்வீக ஊர் எது, குலசாமி எது என்று கடைக்கார அம்மா இரண்டு கேள்வி கேட்பார், பிறகு வந்தவர் கேட்க மறந்த தர்ப்பையையும் கலச நூலையும் சேர்த்து எடுத்து வைப்பார். கருமாதிக்கு வந்தவரிடம் விலைப்பட்டியலை நீட்டாமல், முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்த கடை அது. தைப்பூசத்துக்கு முதன்முறையாக அலகு குத்திக்கொள்ள வரும் இளைஞருக்கு எந்த வேல் பொருந்தும் என்று அவர் சொல்வதைக் கேட்கவே பட்டர்வெர்த்திலிருந்து படகேறி வந்தவர்கள் உண்டு. பால்குடம் எடுக்கும் சீனப் பக்தர்களுக்கும் அவர் அதே பொறுமையோடு ஹொக்கியனில் விளக்குவார். பித்தளைக் குத்துவிளக்கை இணையத்தில் எடைக்கு எடை மலிவாக வாங்கலாம் என்பது உண்மை. விளக்கு விற்ற லாபத்தில்தான் அம்மாவின் அந்த அரை மணி நேரப் பேச்சும் நடந்துவந்தது.

மூன்றாவது கடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை இணையம் மூடவில்லை. சிறிய அளவில் நகை செய்து, பழுதும் பார்த்துவந்த அந்தப் பத்தரின் பட்டறைக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி. பொற்கொல்லர், ஜவுளி, முடிதிருத்தும் தொழில் ஆகிய மூன்றுக்கும் பல ஆண்டுகள் முடக்கி வைக்கப்பட்டிருந்த அந்நியத் தொழிலாளர் அனுமதி 2023இல் மீண்டும் திறக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது, அவருடைய கடைசித் தொழிலாளி ஊர் திரும்பி வெகுகாலம் ஆகியிருந்தது. இவ்வாண்டு அக்டோபரில் தங்கம் உலகச் சந்தையில் அவுன்ஸ் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது, 916 எனப்படும் 22 காரட் தங்கத்தை வாங்கி இருப்பு வைக்க அவரிடம் முதல் போதவில்லை.

இந்தத் தெருவின் இன்னல் கைப்பேசியோடு பிறந்ததன்று என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைத் தாழ்வாக வைத்திருந்தது. நம் கடைகளில் பெரும்பாலானவை அத்தகைய கட்டடங்களில்தான் இருந்தன. அச்சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அவகாசக் காலமும் முடிந்து, 2000ஆம் ஆண்டு பிறந்த அன்று முதல் வாடகை சந்தை விலைக்கு ஏறியது. 2008 ஜூலையில் ஜோர்ஜ் டவுன் உலகப் பாரம்பரியத் தளமானது நமக்கும் பெருமைதான். அதற்குப் பிறகு கடைவீடுகளை வாங்கித் தங்கும் விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாற்ற வந்தவர்களோடு வாடகையில் போட்டி போட வேண்டிய நிலையும் நமக்கு வந்தது. லசாடா 2012இலும் ஷோப்பீ 2015இலும் மலேசியாவில் தொடங்கியபோது நம்மில் பலர் அவற்றை மின்சாரச் சாமான் வாங்கும் இடமாகவே பார்த்தோம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, ஜவுளிக் கடைகளும் பாத்திரக் கடைகளும் அடைபட்டுக் கிடந்த வாரங்களில்தான், சேலையையும் வீட்டிலிருந்தே வாங்கலாம் என்று நம் வாடிக்கையாளர்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வரவில்லை. 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளை இணையத்தில் வாங்கினால் 10 விழுக்காடு விற்பனை வரி என்ற விதி 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது நியாயமான விதி, ஆனால் காலம் கடந்து வந்தது.

இப்போது என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். செயலவையில் எல்லாரும் இதற்கு உடன்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நம் கடைகள் இரண்டு பொருள்களை விற்றுவந்தன: ஒன்று சரக்கு, மற்றொன்று அந்தச் சரக்கைப் பற்றிய அறிவு. முதலாவதற்கு விலை வைத்தோம், இரண்டாவதை இலவசமாகக் கொடுத்தோம். சரக்கு கடையிலேயே விற்ற வரையில் அந்த வழக்கம் நம்மைக் காப்பாற்றியது. இன்று வாடிக்கையாளர் நம் கடையில் சேலையை விரித்துப் பார்த்து, ஜரிகையின் தரத்தைக் கேட்டு, முந்தானையைப் படம் எடுத்துக்கொண்டு, கடை முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் நின்றபடியே கைப்பேசியில் வாங்குகிறார். அவர் நம்மிடமிருந்து பெற்றுச் சென்றதற்கு நாம் விலையே கேட்கவில்லை.

தாக்குப்பிடிக்கும் அங்கத்தினர் கடைகளைப் பார்த்தால் இது விளங்கும். மிளகாயையும் மல்லியையும் வாடிக்கையாளரின் கண் முன்னே வறுத்து அரைத்துத் தரும் மசாலா ஆலையில் சனிக்கிழமை காலை இன்றும் வரிசை நிற்கிறது. கறிக்கும் மீனுக்கும் வேறு வேறு பக்குவம் கேட்கும் அந்த வேலையைப் பொட்டலத்தில் அனுப்ப முடியாது. ஒரு சேலைக் கடை, எங்கே வாங்கிய சேலையானாலும் ஓரம் அடித்து ரவிக்கை தைத்துத் தரும் தையல் பிரிவைத் திறந்து, கூலியை எழுதிச் சுவரில் மாட்டியது. இணையத்தில் வாங்கியவர்களே இப்போது அந்தப் படியேறி வருகிறார்கள், சிலர் அடுத்த சேலையை அங்கேயே எடுக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரங்கள் அந்தத் தையல் பிரிவின் விளக்கு நள்ளிரவு வரை அணையவில்லை.

இதை வைத்து, ஆலோசனைக்கும் பழுது வேலைக்கும் எல்லாக் கடைகளும் கூலி எழுதி வைக்கலாம் என்று செயலவையில் முன்மொழிந்தேன். மூத்த அங்கத்தினர் ஒருவர், "வாய் வார்த்தைக்குக் காசு வாங்கினால் தெருவில் எவன் கால் வைப்பான் தம்பி?" என்று கேட்டார். அவருடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். கருமாதிக்கு வந்தவரிடம் ஆலோசனைக் கூலி கேட்பது நம் மரபில் இல்லாதது, இருக்கவும் கூடாது. ஆனால் மிருதங்கத்துக்கு வார் பிடிப்பதும் தாலிச் சங்கிலியின் கண்ணி மாற்றுவதும் வாய் வார்த்தையல்ல. மணிக்கணக்கில் செய்யும் கைவேலை அது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது கடந்த பிப்ரவரியிலும், ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சிறிய கடைகளுக்கு ஆகஸ்டிலும் நடப்புக்கு வந்துவிட்ட நிலையில், அந்த வேலையைப் பத்து ரிங்கிட்டுக்குச் செய்து கொடுத்துவிட்டு ஓர் இளைஞரைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ள எந்தக் கடையாலும் முடியாது.

சங்கம் இவ்வாண்டு எடுத்த முயற்சிகளில் ஒன்று தோல்வியடைந்தது. எல்லாக் கடைகளின் சரக்கையும் ஒரே பொது இணையப் பக்கத்தில் ஏற்றி விற்கத் திட்டமிட்டோம். படம் எடுக்கவும், இருப்பைத் தினமும் திருத்தவும் கடைகளில் ஆளில்லாததால் சில மாதங்களில் அது நின்றுபோனது. விலையில் மோதும் இடத்துக்கு நாமும் போக நினைத்ததே தவறு என்று இப்போது கருதுகிறேன், அத்திட்டத்தை முன்னின்று நடத்தியவன் என்ற முறையில் அதற்கான பொறுப்பு என்னுடையது. அதைவிட எளிய காரியம் பலன் தந்தது: வாட்ஸ்அப் வழியாக ஆர்டர் எடுத்து, மாலையில் ஒரே வாகனத்தில் ஆயர் ஈத்தாம், குளுகோர் பகுதிகளுக்குச் சாமான் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டில் சேர்ந்த கடைகள் அதைத் தொடர விரும்புகின்றன. சரக்கு இறக்கும் நேரம் குறித்து மாநகர் மன்றத்துக்குக் கொடுத்த மனு பரிசீலனையில் உள்ளது.

இறுதியாக, கூட்டத்தின் முடிவுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். கைவேலைக்கான கூலிப் பட்டியலை விரும்பும் கடைகள் ஒரே மாதிரி அச்சிட்டு மாட்டுவதற்குச் சங்க நிதியிலிருந்து செலவு செய்ய வேண்டும். இரண்டாவது, மூடப்பட்ட இசைக்கருவிக் கடையின் உரிமையாளர், வாரத்தில் இரண்டு நாள் நம் சங்கக் கட்டடத்தின் மாடியில் அமர்ந்து பழுது பார்க்கவும், ஆர்வமுள்ள இரண்டு இளைஞர்களுக்கு வார் பிடிக்கக் கற்றுத்தரவும் இசைந்திருக்கிறார். அவருக்கு மாதந்தோறும் ஒரு தொகை வழங்க வேண்டும். அவருடைய உளியும் வார்க்கட்டும் ஏற்கெனவே மாடிக்கு வந்துவிட்டன.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
ஜோர்ஜ் டவுன், பினாங்கு