தடைக்காலத்திலேயே கல்லீரல் ஸ்கேன் முகாம் நடத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் இந்த 61 நாளில் தொண்டி, மண்டபம், பாம்பன், ஏர்வாடிப் பக்கம் கல்லீரல் ஸ்கேன் முகாம் நடத்த மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று. கல்லீரலும் சுருங்கிவிட்டது. இப்படிப்பட்டவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கட்டி சிறிதாக இருக்கும்போது வலிக்காது. வலி இல்லாதவர் தொழிலை விட்டுவிட்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுவாரா? போன தடைக்காலத்தில் வீட்டில் இருந்ததால்தான் அண்ணனை ஸ்கேனுக்கு அழைத்துப்போக முடிந்தது. கட்டி இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து சி.டி. எடுக்கச் சொன்னார்கள். சீட்டில் வெறும் 'வயிறு சி.டி.' என்று இருந்ததால், ஒரு தனியார் மையத்தில் ரத்த ஓட்டத்தைப் படத்தில் காட்டும் மருந்தை ஏற்றாமல் சாதா சி.டி. எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மதுரையில் டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார். மறுபடி பணம், மறுபடி அலைச்சல்.

கை நரம்பில் மருந்தை ஏற்றி, அது ஓடும் மூன்று கட்டங்களிலும் படம் எடுக்க வேண்டுமாம். கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடல் பக்கமிருந்து சிரை வழியாக வருகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில்தான் வளர்கிறது. அதனால் மருந்து ஏறிய அரை நிமிடத்தில் கட்டி பளிச்சென்று தெரியும். சில நிமிடங்களில் சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிவிடும். சாதாரண ரத்தக்குழாய்க் கட்டி என்றால் ஓரத்திலிருந்து உள்ளே மெல்ல மெல்ல நிறையும். கல்லீரல் சுருங்கியவர்களிடம் முதலில் சொன்ன அடையாளம் தெளிவாக இருந்தால், ஊசி குத்திச் சதை எடுக்காமலே புற்றுநோய் என்று முடிவு செய்கிறார்கள். அண்ணனுக்கும் அப்படித்தான் உறுதியானது. கட்டி சிறிது என்பதால் சூடு செலுத்திக் கருக்கிவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்களே ஹெபடைடிஸ் பி உள்ளவர்களின் பட்டியலை எடுக்கலாம். தடைக்காலத்தில் ஒரு முகாம். அப்புறம் ஆறு மாதம் கழித்து, வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்து ஆட்கள் கரையில் இருக்கும்போது இன்னொன்று. கட்டி தெரிந்தால், சீட்டில் 'கல்லீரலுக்கு மூன்று கட்ட சி.டி.' என்று தெளிவாக எழுதி, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையையும் அங்கேயே முடித்து அனுப்புங்கள்.

– ஒரு மீனவரின் தங்கை, மண்டபம்