பொது ஸ்பீக்கர் யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலும் அலுவலகத்திலும் பொதுவில் வைக்கப்படும் வைஃபை ஸ்பீக்கர்கள் பலவற்றில், அதே வைஃபையில் இணைந்திருக்கும் எவரும் பாட்டை மாற்றவும் ஒலியைக் கூட்டவும் முடிகிறது. எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கையில் திடீரென்று குத்துப்பாட்டு அலறியதும், அதைப் போட்டவர் யாரென்று கடைசிவரை தெரியாமலே போனதும் இதனால்தான். ஆப்பிளின் ஹோம்பாட் ஸ்பீக்கரில், வீட்டு உறுப்பினர்கள் மட்டுமே இயக்கலாம் என்றோ கடவுச்சொல் கேட்க வேண்டும் என்றோ அமைத்துக்கொள்ள வழியுண்டு; ஆனால் அதைத் தேடிப்போய் மாற்றுபவர்கள் எத்தனை பேர்? விருந்தினருக்கெனத் தனி வைஃபை வைத்தால் வெளியாள் தொல்லை பெரும்பாலும் குறையும், சக ஊழியரிடம் அது பலிக்காது. ஆகவே, ஸ்பீக்கரை முதன்முதலாக இணைக்கும்போதே யார் யார் இயக்கலாம் என்று கேட்கும்படி தயாரிப்பாளர்கள் அமைக்க வேண்டும். ஒலி அளவுக்கு உச்சவரம்பு வைப்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்