பொத்தான்களும் பத்துக் கட்டங்களும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். "என் மகள் ஐம்பது வரை தடுமாறாமல் சொல்லுவாள்" என்று உங்களில் பலர் என்னிடம் பெருமையுடன் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. அதே குழந்தையின் முன்னால் ஒரு கிண்ணம் நிறையப் பொத்தான்களை வைத்து, "ஐந்து எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று வயதில் பல குழந்தைகள் கைக்கு வந்ததை அள்ளித் தந்துவிடுவார்கள். கவலை வேண்டாம். எண்களின் பெயர்களை ஒப்பிப்பது ஒரு திறன். ஒரு பொருளுக்கு ஓர் எண்ணாகச் சொல்லி வந்து, கடைசியில் நின்ற எண்தான் மொத்தம் என்று உணர்வது வேறொரு திறன். பின்னது வர மாதக்கணக்கில் ஆகும். அதற்கு நோட்டும் பென்சிலும் தேவையில்லை. விளையாட்டுத் துணையாக நீங்கள் தேவை.

ஓர் அட்டையில் ஒரே வரிசையாகப் பத்துக் கட்டங்கள் வரைந்து, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். 1, 2 என்று எழுதிய காகிதத் துண்டுகளை மடித்துப் போட்டுக் குலுக்குங்கள். வந்த எண்ணுக்கு ஏற்பக் காயை நகர்த்த வேண்டும். ஆட்டம் இவ்வளவுதான். அமெரிக்க ஆய்வாளர்கள் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இதுபோன்ற பலகையில் இரண்டு வாரங்களுக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய கால் மணி நேரம் விளையாடிய குழந்தைகள் எது பெரிய எண், எது சிறியது என்று ஒப்பிடுவதில் நன்கு முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதிலாக வண்ணம் தீட்டிய பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை.

ஒரு விதியை மட்டும் தயவுசெய்து தளர்த்தாதீர்கள். காய் 4-இல் இருக்கிறது, 2 விழுகிறது என்றால் குழந்தை "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தக் கூடாது. கட்டத்தில் இருப்பதைப் பார்த்து "ஐந்து, ஆறு" என்று சொல்ல வேண்டும். நான்குக்கு அடுத்து ஐந்து என்ற வரிசை அப்போதுதான் கண்ணிலும் நாவிலும் கையிலும் ஒன்றாகப் பதிகிறது.

படியேறும்போது எண்ணுவது, ஆளுக்கொரு தட்டு வைப்பது, காலுறைகளுக்கு ஜோடி தேடுவது எல்லாமே கணக்குதான்.

பத்தைத் தாண்டும்போது நம் மொழியே கைகொடுக்கிறது. பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு என்னும் சொற்களுக்குள் பத்தும் மீதியும் இருப்பது காதுக்கே கேட்கிறது. பத்துப் பொத்தான்களை நூலில் கோத்து வைத்து, அருகில் தனியாக ஒன்றை வைத்து "பதினொன்று" என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

இரண்டு வரிசைகளில் சம அளவு பொத்தான்களை அடுக்கி, ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பினால், "இதில்தான் நிறைய இருக்கிறது" என்று குழந்தை சாதிக்கலாம். இந்த வயதின் இயல்பு அது என்று குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே விளக்கியிருக்கிறார். திருத்த அவசரப்படாதீர்கள். "எண்ணிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள், விடை மாறாவிட்டாலும் விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் போதும். குழந்தை எழுந்து ஓடினால் ஆட்டம் முடிந்தது என்று பொருள்.

வீட்டில் தவழும் தம்பியோ தங்கையோ இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். சிறு பொத்தான் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விளையாடும்போது எண்ணிக் கொடுங்கள், முடிந்ததும் குழந்தையையே எண்ணச் சொல்லித் திரும்ப வாங்குங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்