வாடல் நோய் பாக்டீரியாவின் பெயரைச் சான்றோடு எழுதுங்கள்

வேளாண் கல்லூரிகளின் தாவர நோயியல் துறையினருக்கும், பயிர் நோய் கண்டறியும் ஆய்வகங்களை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

கத்தரி, தக்காளி, மிளகாய், இஞ்சியை வாட வைக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்ததும் 'ரால்ஸ்டோனியா சொலனாசியாரம்' என்று குப்பியில் எழுதிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஆசியாவில் இந்தப் பயிர்களில் பெரும்பாலும் கிடைப்பது அந்தச் சிற்றினமே அல்ல.

1896-ல் அமெரிக்கத் தாவர நோயியலாளர் எர்வின் ஸ்மித் இந்த வாடல் பாக்டீரியாவை பேசில்லஸ் பேரினத்தில் வைத்தார். பிறகு கோல் வடிவம், கிராம் நெகட்டிவ், முனைக் கசையிழை ஆகியவற்றைக் கொண்டு சூடோமோனாஸுக்கு மாற்றினார்கள். 1973-ல் பல்லெரோனி குழுவினரின் ஆர்ஆர்என்ஏ-டிஎன்ஏ பிணைப்புச் சோதனை (மரபுப் பொருள் எவ்வளவு ஒத்துப் பிணைகிறது என்று பார்ப்பது) சூடோமோனாஸை ஐந்து தொகுதிகளாக உடைத்தது. நம் பாக்டீரியா இரண்டாம் தொகுதியில் விழுந்தது. வேதிச் சான்றும் அதோடு ஒத்துப்போனது. உண்மையான சூடோமோனாஸில் இருக்கும் யூபிகுயினோன் (சுவாசத்தில் எலக்ட்ரான் கடத்தும் மூலக்கூறு) 9-ம் வகை, இதில் யூபிகுயினோன்-8. அங்கே 10, 12 கார்பன் ஹைட்ராக்சி கொழுப்பு அமிலங்கள், இங்கே 14 கார்பன் 3-ஹைட்ராக்சி அமிலம். 1992-ல் யாபுச்சி குழுவினர் பர்க்கோல்டேரியாவுக்கும், 1995-ல் ரால்ஸ்டோனியாவுக்கும் மாற்றியதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

2014-ல் ரால்ஸ்டோனியா சொலனாசியாரம் என்ற அந்தச் சிற்றினமும் மூன்றாகப் பிரிந்தது. அதன் மரபு வழிப் பிரிவுகளான நான்கு பைலோடைப்புகளில் 2 மட்டுமே இன்று சொலனாசியாரம். 1, 3 இரண்டும் சூடோசொலனாசியாரம். 4 'சிசிஜியை' (syzygii) என்ற சிற்றினம். ஆசியாவில் பரவலாக இருப்பது பைலோடைப் 1.

இந்த மூன்றையும் பிரிக்க, பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் 16எஸ் மரபணு போதாது. சுமார் 1,500 காரங்கள் கொண்ட அந்த வரிசை இந்த மூன்றிலும் மிக நெருக்கமாகவே இருக்கும். தரவுத்தளத்தில் ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்டில் முதலில் வரும் பெயரும் உதவாது. பழைய பெயரில் பதிவான வரிசைகள் அங்கே ஏராளம். 2002-ல் சொலனாசியாரம் என்ற பெயரில் ஜீனோம் வெளியான ஜிஎம்ஐ1000 ஸ்ட்ரெயின் கூட பைலோடைப் 1-தான். ஒப்பீட்டை எப்போதும் டைப் ஸ்ட்ரெயின்களோடு (சிற்றினப் பெயருக்கு ஆதாரமான மூல வளர்ப்புகளோடு) செய்யுங்கள்.

நடைமுறையில் தொடங்க வேண்டியது மல்டிபிளெக்ஸ் பிசிஆர், அதாவது ஒரே குழாயில் பல டிஎன்ஏ துண்டுகளைப் பெருக்கும் சோதனை. ஜெல்லில் 280 கார நீளமுள்ள டிஎன்ஏ பட்டை எல்லா மாதிரியிலும் வர வேண்டும். அது வராத மாதிரியில் மற்றப் பட்டையை நம்பாதீர்கள். கூடவே 144 வந்தால் பைலோடைப் 1, 372 வந்தால் 2, 91 வந்தால் 3, 213 வந்தால் 4. 91-ம் 144-ம் அகரோஸ் குறைந்த ஜெல்லில் குழப்பும், 2% அகரோஸ் வேண்டும். டிஎன்ஏ-வில் ஜிசி (குவானைன், சைட்டோசின் காரங்கள்) ஏறத்தாழ 67% என்பதால் பெருக்கம் மந்தமாக இருந்தால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சிறிது சேர்த்துப் பாருங்கள். அடுத்து எண்டோகுளுக்கனேஸ் நொதிக்கான இஜிஎல் மரபணுவில் சுமார் 750 காரங்களை வரிசைப்படுத்துங்கள். புதுச் சிற்றினம் என்று சொல்லத் துணிந்தால் முழு ஜீனோம் கட்டாயம்: ஏஎன்ஐ (இரு ஜீனோம்களின் சராசரி வரிசை ஒற்றுமை) 95–96 விழுக்காட்டுக்கும், டிஜிட்டல் டிஎன்ஏ பிணைப்பு 70 விழுக்காட்டுக்கும் கீழே இருக்க வேண்டும்.

கொழுப்பு அமிலப் பகுப்பாய்வு பேரினத்தை உறுதிசெய்யும். இந்த மூன்றையும் பிரிக்க அதை நம்ப வேண்டாம். ஒப்பிடும் ஸ்ட்ரெயின்கள் அனைத்தையும் ஒரே ஊடகத்தில், ஒரே வெப்பநிலையில், ஒரே வயதில் வளர்க்க வேண்டும். வளர்ப்பு முதிர்ந்தால் சைக்ளோபுரோபேன் அமிலங்கள் கூடும். மெத்திலேற்றத்தை (கொழுப்பு அமிலங்களை மீத்தைல் எஸ்டராக மாற்றும் படியை) 80 டிகிரியில் 10 நிமிடத்தோடு நிறுத்துங்கள். அதிக நேரம் அமிலத்தில் சூடாக்கினால் அதே சைக்ளோபுரோபேன் அமிலங்கள் சிதைந்து அளவு பொய்யாகும். இப்படி வந்த வேறுபாட்டைப் புதுச் சிற்றினத்தின் அடையாளமாகக் காட்டிவிடும் ஆபத்து நிஜமானது.

பயிரைக் கொண்டு பிரித்த பழைய 'ரேஸ்', சர்க்கரைப் பயன்பாட்டைக் கொண்டு பிரித்த 'பயோவார்' ஆகியவற்றின் எண்களைப் பைலோடைப்பாக மொழிபெயர்க்காதீர்கள். பயோவார் 3, 4, 5 எல்லாம் பைலோடைப் 1-ல் அடங்கும். பயோவார் 1 பைலோடைப் 2-லும் 3-லும் வரும். உருளைக்கிழங்கு மாதிரியில் கூடுதல் கவனம் வேண்டும். பைலோடைப் 2-ன் உட்பிரிவான, குளிர் தாங்கும் 2பி வகை ஐரோப்பாவில் தனிமைப்படுத்தல் நோய்க்கிருமி. அதைப் பைலோடைப் 1-ஓடு ஒரே பெயரில் வைத்தால் விதைக்கிழங்கு பற்றிய முடிவே தவறும்.

நாங்கள் கேட்பது: இனி ஒவ்வொரு குப்பியிலும் ஆய்வேட்டிலும் சிற்றினப் பெயர், பைலோடைப், பயிர், ஊர், எடுத்த தேதி, பெயர் வைக்கக் காரணமான சோதனை ஆகியவை இருக்கட்டும். பழைய பெயரையும் பக்கத்தில் எழுதினால்தான் முந்தைய பதிவுகளைத் தேட முடியும். டெட்ராசோலியம் என்ற சாயம் கலந்த ஊடகத்தில் நடுவில் இளஞ்சிவப்பு கொண்ட, வழவழப்பான வெள்ளைக் காலனியை மட்டும் எடுங்கள். சிறிய அடர்சிவப்புக் காலனி வீரியம் இழந்தது. திரும்பத் திரும்ப வளர்ப்பு மாற்றாமல், கிருமி நீக்கிய காய்ச்சி வடித்த நீரில் அறை வெப்பநிலையில் வையுங்கள்.

வாடல் நோய் ஆய்வில் உள்ளோர்